கேசட்டில் மட்டும் வந்தவர்கள்

கருமேனிப்பேட்டையில் கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, அதைத் திரும்பவும் கேசட்டில் பதிந்து கொடுக்கும் வேலையை முதலில் ஆரம்பித்தவள் தங்கபுஷ்பம்தான். அவள் பதிந்த கேசட்டுகளில், கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவர்கள் வந்து நின்றார்கள். அது எதனால் என்று அவளுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது, மதுரையிலிருந்து வந்து வயர்களையெல்லாம் பிடுங்கி மாட்டிப் பார்த்த மெக்கானிக்குக்கும் தெரியாது. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துப் போனார்.

அவள் புருஷன் ஞானதுரை கேமரா எடுப்பவன். எடுத்து வந்ததை முன்பெல்லாம் கேசட் ஓட்டும் இரண்டு டெக்கை வைத்து, ஒன்றை நிறுத்தி ஒன்றை ஓட்டித்தான் ஒப்பேற்றினார்கள். பிறகு ஒரு புரட்டாசியில், போர்வை சுற்றிய கம்ப்யூட்டர் ஒன்று மதுரையிலிருந்து வேனில் வந்து இறங்கியது. தங்கபுஷ்பம் நாற்பது நாளில் அதைப் பழகினாள். மாப்பிள்ளை கொட்டாவி விட்டதை வெட்டினாள், பெண்ணின் சித்தப்பா தள்ளாடியதை வெட்டினாள், தாலி கட்டும் இடத்தில் நான்கு மூலையிலிருந்தும் பூ பறந்து வரும்படி செய்தாள். ஆனால் ஊரில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது, டெக்தான் இருந்தது. வெளிநாட்டில் எட்டுப் பேர் ஒரு அறையில் தங்கியிருக்கும் இந்த ஊர் ஆண்களிடமும் டெக்தான் இருந்தது. ஆகவே கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வயரை இழுத்து டெக்கில் சொருகி, புதுக் கேசட்டைப் போட்டு, சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டு உட்கார வேண்டும். மூன்று மணி நேரக் கல்யாணம் பதிய மூன்று மணி நேரம் ஆகும். இதில் அவசரப்படுத்த ஒன்றும் இல்லை. நடுவில் கரண்ட் போனாலோ நாடா சிக்கினாலோ முதலிலிருந்து ஓட்ட வேண்டும் என்பதால் அவள் கண்ணெடுக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில்தான், டெய்லர் அருணாசலம் மகள் கல்யாணக் கேசட்டில், பெண்ணின் அண்ணன் பட்டுராஜ் வேட்டியை மடித்துக் கட்டி, சாம்பார் வாளியோடு பந்தியில் நடந்து போனான். பட்டுராஜ் அப்போது சவுதியில், தமாமில் இருந்தான். லீவு கிடைக்காமல் போனில் அழுதவன். தங்கபுஷ்பம் கம்ப்யூட்டரில் அதே இடத்தை ஓட்டிப் பார்த்தாள். இரண்டு வரிசை இலைகளுக்கு நடுவே வெறும் வழிதான் கிடந்தது. கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டாள். பட்டுராஜ் குனிந்து ஒரு கிழவருக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான். அவள் புருஷனைக் கூப்பிட்டாள்.

ஞானதுரை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் எடுக்கும்போது இவன் இல்லையே. ஆனா வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு," என்றான்.

டெய்லர் வீட்டில் கேசட்டைப் போட்டபோது யாரும் அலறவில்லை, மயங்கி விழவில்லை. பட்டுராஜின் அம்மா மட்டும், "வெளிநாடு போயும் இவன் வாளியைச் சாய்க்காம பிடிக்கப் படிக்கலியே," என்று சொல்லி, அதன் பிறகு வெகுநேரம் அழுதாள். வெள்ளிக்கிழமை அவன் போன் செய்தபோது கேட்டார்கள். "கல்யாணத்தன்னைக்கு மத்தியானம் எனக்குப் பசியே எடுக்கலம்மா. கையெல்லாம் சாம்பார் வாசனை. மூணு வாட்டி சோப்பு போட்டும் போகல," என்றான். அதைக் கேட்டு வீட்டில் எல்லோரும், பின்னே அவ்வளவு பேருக்குப் பரிமாறினால் வாசனை இருக்கத்தானே செய்யும் என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் இந்த விஷயத்தைத் தன் மற்ற வழக்கங்களோடு சேர்த்துக்கொண்டது. வெளியூரில் இருப்பவர்களுக்காகப் பந்தியில் இலைக்கு இலை இடம் விட்டுப் போட்டார்கள். அப்படிப் போடாத வீட்டில், மஸ்கட் மாமன் கேசட்டில் கை கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டதைப் பார்த்து மனஸ்தாபம் வந்தது. போனில் பேசும் ஆண்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, நான் என்ன சட்டை போட்டிருந்தேன் என்று கேட்டார்கள். புதுச்சட்டை வாங்கி, கல்யாண நாளன்று லேபர் கேம்ப்பில் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர்களும் உண்டு. கோயில் கல்யாணத்தில் வந்தவர்கள் விபூதியோடு வந்தார்கள், சர்ச் கல்யாணத்தில் வந்தவர்கள் பின்வரிசையில் முழங்காலிட்டார்கள். பங்குச் சாமியார் மட்டும், கேசட்டில் வந்து கண்ட பூசை செல்லாது, இருக்கிற ஊரில் நேரில் போய்க் காண வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னார்.

எல்லோரும் வந்துவிடவில்லை. போஸ்ட் மாஸ்டர், போன வருஷம் செத்துப்போன தன் மனைவிக்காக, மகன் கல்யாணத்தில் முன்வரிசையில் பட்டுச்சேலை விரித்து ஒரு நாற்காலி போட்டார். கேசட்டில் மூன்று மணி நேரமும் அந்தச் சேலை மட்டும் காற்றில் ஆடியது. செத்தவர்கள் வரமாட்டார்கள் என்று ஊருக்கு அப்போது தெரிந்தது. அதேபோல, லீவு இல்லை என்று தந்தி அடித்திருந்த மளிகைக்கடைக்காரரின் தம்பி பம்பாயிலிருந்து கேசட்டில் வரவில்லை. உயிரோடுதானே இருக்கிறான், ஏன் வரவில்லை என்று வீடே கொந்தளித்தது. அவன் பொங்கலுக்கு நேரில் வந்து, தலையைத் தொங்கப் போட்டு, "எனக்கு வரப் பிடிக்கல," என்று ஒத்துக்கொண்டான். ஆக, உயிரோடிருந்து, மனசு கிடந்து தவித்தவர்கள் மட்டுமே கேசட்டில் வருவார்கள் என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்தது.

இந்த முடிவைத்தான் ராஜகனி பிடித்துக்கொண்டாள்.

ராஜகனி ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைப்பவள். அவள் புருஷன் லிங்கதுரை, மகள் சந்தனமாரிக்கு ஆறு வயதாக இருக்கும்போது மஸ்கட்டுக்குப் போனவன். மூன்று வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் பதினோரு வருஷமாக ஒன்றும் இல்லை. ஒருவன் அவனை மஸ்கட்டைத் தாண்டிச் சோஹாரில் ஒரு கடைவாசலில் பார்த்ததாகச் சொன்னான், இன்னொருவன் படகு கவிழ்ந்து போனதாகச் சொன்னான், இரண்டு பேருமே பிறகு விசாரித்தபோது கேள்விப்பட்டதைத்தான் சொன்னோம் என்றார்கள். ராஜகனி தாலியோடும் குங்குமத்தோடும் இருந்தாள். நல்ல காரியங்களுக்கு அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே ஒரு பேச்சு நடக்கும். கூப்பிட்டாலும் தட்டைக் கையில் கொடுக்கமாட்டார்கள். அவளும் சுவரோரமாக நின்றுவிட்டு வந்துவிடுவாள்.

அடுத்த வருஷம் சந்தனமாரிக்குச் சாத்தான்குளத்தில் மாப்பிள்ளை அமைந்தபோது, பத்திரிகை அடிக்கிற இடத்தில் சங்கடம் வந்தது. லிங்கதுரையின் அண்ணன் ஆதிலிங்கம், தம்பி பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டும் என்றார்.

"செத்ததைப் பாத்தவங்க யாரு அத்தான்? ஒரு ஆளைக் காட்டுங்க," என்றாள் ராஜகனி.

"இருந்தா ஒரு கடிதாசி போட்டிருக்க மாட்டானா?" ஆதிலிங்கத்துக்குக் குரல் உடைந்தது. "நீ மட்டுமா காத்துக் கெடக்கே? எந்த ஊர்ல, எந்தத் தெருவுல பாடை போனாலும் நான் எட்டி எட்டி மொகத்தைப் பாக்கேன். பதினோரு வருஷமா பாக்கேன். எனக்கு இதை முடிக்கணும், ராஜகனி."

அச்சகக்காரர் இருவர் மனதையும் நோகடிக்காமல், லிங்கதுரை பேருக்கு முன்னால் ஒரு சொல் நீளத்துக்கு வெற்றிடம் விட்டுப் பத்திரிகை அடித்துக் கொடுத்தார். அந்த வெற்றிடத்தை ஊரில் எல்லோரும் விரலால் தடவிப் பார்த்தார்கள். கடைசியில் ஆதிலிங்கமும் ராஜகனியும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள்: கேசட் சொல்லட்டும். அதில் லிங்கதுரை வந்தால் உயிரோடு இருக்கிறான். வராவிட்டால் ராஜகனி தாலியைக் கழற்றிவிட வேண்டும், செய்ய வேண்டிய சடங்கை ஆதிலிங்கம் செய்துவிடுவார்.

"பெத்த பிள்ளை கல்யாணத்துக்குத் தவிக்காம இருப்பாவளா?" என்று ராஜகனி கேட்டாள்.

தை மாதம் பதினாறாம் தேதி கல்யாணம் நடந்தது. ஆதிலிங்கமும் அவர் மனைவியும் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். ராஜகனி மேடையின் படிக்குக் கீழே, ஒரு கையால் மூங்கிலைப் பிடித்தபடி நின்றாள். ஞானதுரை எல்லாவற்றையும் எடுத்தான். அடுத்த எட்டு நாளும் தங்கபுஷ்பம் அதை வெட்டித் தொகுத்தபோது, தெருவில் போகிறவர்கள் ஜன்னல் பக்கம் நின்று, "ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பால்காரர் கேட்டார், கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் கேட்டார், வேறு ஊர்க்காரரான பஸ் கண்டக்டர்கூட ஒரு நாள் கேட்டார். ராஜகனி மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தங்கபுஷ்பம் மூன்று வயரையும் சொருகி, மாதா படத்துக்கு முன்னால் ஒரு சிலுவை போட்டுவிட்டு, சிவப்பு பட்டனை அமுக்கினாள்.

முதல் நாற்பது நிமிஷம், கல்யாணத்துக்கு நேரில் வந்தவர்கள்தான் வந்தார்கள். நாற்பத்தேழாவது நிமிஷம், கெட்டிமேளம் ஓங்கி, மாப்பிள்ளை கை பெண்ணின் கழுத்துக்குப் போன நேரத்தில், இடது பக்கம் பந்தல் காலுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றிருந்தார். நரைத்த தாடி, நீல நிற அரைக்கைச் சட்டை. தலையை ஒரு பக்கம் சாய்த்து நிற்கிற அந்த நிலையைப் பார்த்ததுமே தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்தவர், அவள் சைக்கிள் செயினை எத்தனையோ தடவை மாட்டிக் கொடுத்தவர். அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "ராஜகனி அக்கா!" என்று கத்தப்போனாள்.

அப்போதுதான் அவர் தோளில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஐந்து வயதிருக்கும். சுருட்டை முடி. அவர் மேடையைக் கைகாட்டி அதற்கு ஏதோ சொன்னார், அது வாயைத் திறந்தபடி பார்த்தது. பந்தல் காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, முகம் தெரியாமல், கண்ணாடி வளையல் போட்ட ஒரு பெண்ணின் கை மட்டும் நீண்டு, பிள்ளை சரிந்து விழாமல் அதன் பாதத்தைப் பிடித்திருந்தது.

தங்கபுஷ்பம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மீதி இரண்டு மணி நேரமும் கேசட் ஓடியது, அவள் ஒன்றையும் பார்க்கவில்லை.

பிறகு அவள் செய்தது எல்லாம் ராஜகனி மேல் இருந்த பிரியத்தினால்தான். பந்தல் கால் தெரிகிற காட்சியைக் கம்ப்யூட்டரில் மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு கோணத்தைப் போட்டு, மத்தியானம் ஒரு புதுக் கேசட்டில் பதிந்தாள். அவர் வந்தாலும் பிள்ளையில்லாமல் வரட்டும், அந்தக் கை இல்லாமல் வரட்டும் என்று நினைத்தாள். இந்தத் தடவை லிங்கதுரை பந்தியில் வந்தார். கடைசி வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துப் பாயசம் ஊட்டினார். வளையல் கை பக்கத்து இலையில் சோறு பிசைந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பந்தியையும் வெட்டிப் பதிந்தாள். அதில் அவர் இன்னும் நெருங்கி, மேடைப் படிக்குக் கீழே ராஜகனிக்குப் பக்கத்திலேயே, புருஷன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றார். அந்தப் பிள்ளை ராஜகனியின் சேலை முந்தியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றது. வளையல் கை, கூட்டத்திலிருந்து நீண்டு, பிள்ளையின் கவுனைச் சரி செய்தது. வெட்ட வெட்ட அவர்கள் கிட்டே வந்தார்கள். இன்னொரு தடவை வெட்டினால் எங்கே வந்து நிற்பார்களோ என்று தங்கபுஷ்பம் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"யாருமே வரலைன்னு சொல்லிரட்டா?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"சொன்னா அந்த அக்கா தாலியைக் கழட்டணும். சாகாத ஆளுக்கு ஆதிலிங்கம் அண்ணாச்சி திதி கொடுப்பாரு," என்றான் ஞானதுரை. "நாம பதியத்தான் செய்யுதோம் புஷ்பம். தீர்ப்பு சொல்லுத இடத்துல நாம இல்ல."

"நீங்க அந்தக் கையைப் பாக்கலியே."

"பாத்தேன்," என்றான் அவன். "அதுக்கும் நாம பொறுப்பில்ல."

அவள் என்ன செய்வதென்று முடிவெடுக்கும் முன்பே, அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்த கையோடு ராஜகனி வந்துவிட்டாள். சேலையில் அவித்த முட்டை வாசனை. வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, "ஊர் பாக்கதுக்கு முன்னால நான் ஒருவாட்டி பாத்துக்கிடுதேன், புஷ்பம்," என்றாள்.

"அக்கா, அதுல..."

"வந்திருக்காவளா?"

ஆமென்று தங்கபுஷ்பம் தலையை ஆட்டினாள். ராஜகனி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். பதினோரு வருஷத்து மூச்சு அவளிடமிருந்து மெதுவாக இறங்கியதைத் தங்கபுஷ்பம் பார்த்தாள். அதனாலேயே அடுத்ததைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மூன்றாவது கேசட்டை, அவர் பக்கத்தில் வந்து நிற்கிற கேசட்டைப் போட்டாள்.

ராஜகனி பார்த்தாள். "மெலிஞ்சி போயிருக்காவ," என்றாள். பிறகு தன் முந்தியைப் பிடித்திருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள். நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் காட்சி முடிந்ததும், "இது யாரு எடுத்தது? இந்த இடத்துல அன்னைக்கு எனக்குப் பக்கத்துல ஒரு மூங்கில்தான் இருந்துது," என்றாள்.

அப்போது தங்கபுஷ்பம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மற்ற இரண்டு கேசட்டையும் போட்டுக் காட்டினாள். ராஜகனி பந்தியைப் பார்த்தாள், பந்தல் காலைப் பார்த்தாள். பந்தல் காலை மட்டும் நான்கு தடவை ஓட்டச் சொன்னாள். நாலாவது தடவை டிவியின் மேல் கையை வைத்து, அந்த வளையல்களை உள்ளங்கையால் மறைத்தாள். மறைத்தபோது அவளுக்குத் தெரிந்தது அவரும் பிள்ளையும் மட்டும். கையை எடுத்தாள்.

"எம் பிள்ளைக்கு அப்பன் இல்லாம நான் ராத்தூக்கம் கெட்டுக் கெடந்தப்ப, இந்தக் கை அங்க சோறு பிசைஞ்சிருக்கு," என்றாள். உடனே, "பாவி, பிள்ளை விழுந்திரக் கூடாதுன்னு எப்படிப் பிடிச்சிருக்கா பாரு," என்றும் சொன்னாள். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். தங்கபுஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நடுவில் கரண்ட் போய் மின்விசிறி நின்றது, இருவருக்கும் அது தெரியவில்லை.

"இந்தக் கேசட்டைக் குடுக்கட்டுமாக்கா?" என்று தங்கபுஷ்பம் கடைசியில் மூன்றாவதை எடுத்து நீட்டினாள். "இதுல உங்க பக்கத்துல நிக்காவ. ஊர் முன்னால உங்களுக்கு அது ஒரு மரியாதைதானே."

ராஜகனி மூக்கைச் சிந்திவிட்டு, தலையை ஆட்டினாள். "நீ வெட்டி வெட்டி இழுத்துக் கொண்டாந்து என் பக்கத்துல நிறுத்தினது அது. வேண்டாம். முதல்ல பதிஞ்சதுதான் சரி. பந்தல் காலுக்குப் பின்னால. அவியளா வந்து நின்ன இடம் அதான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆதிலிங்கம் வீட்டு முற்றத்தில் டிவியைத் தூக்கி வைத்து ஊர் பார்த்தது. நாற்பத்தேழாவது நிமிஷம் வந்ததும் ஆதிலிங்கம் எழுந்து, டிவிக்கு ஒரு முழம் தூரத்தில் போய்க் குந்தி, "தம்பி, நரைச்சிப் போயிட்டியே," என்று சொல்லித் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளையைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள், கையைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள். மறுவீட்டுக்கு வந்திருந்த சந்தனமாரி மட்டும் அம்மாவிடம் குனிந்து, "அது எனக்குத் தங்கச்சியாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"முடி என்னை மாதிரியே இருக்கு."

"உங்க அப்பா வீட்டு முடி அது. எண்ணெய் வச்சாலும் படியாது," என்றாள் ராஜகனி.

கேசட் முடிந்ததும் ஆதிலிங்கத்தின் மனைவி தயங்கித் தயங்கி, "தம்பிதான் உசிரோட இருக்காவளே, தாலியைக் கழட்ட வேண்டாம், அப்படித்தானே?" என்று பொதுவாகக் கேட்டாள். ராஜகனி எழுந்தாள். எல்லோர் முன்னாலும் தாலிக்கயிற்றைத் தலை வழியே கழற்றி, மடித்து, முந்தியில் முடிந்துகொண்டாள். நெற்றிக் குங்குமத்தைத் தொடவில்லை. தலையில் இருந்த பூவையும் தொடவில்லை.

"இது என்ன கணக்கு, ராஜகனி?" என்றார் ஆதிலிங்கம்.

"அவிய செத்திருந்தாலும் காத்திருந்திருப்பேன் அத்தான். நல்லா இருக்காவ. இனிமே எதுக்கு நான் காத்துக் கெடக்கணும்?"

வீட்டுக்குப் போய் அந்தத் தாலியை மஞ்சள் தூள் டப்பாவில் போட்டு மூடினாள். இரண்டு நாள் சமைக்கப் போகவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம், லிங்கதுரை போகும்போது விட்டுப்போன பழைய டிரங்குப் பெட்டியை வாசலில் போட்டு அம்மிக்குழவியால் அடித்து நசுக்கினாள். சத்தம் மூன்று தெரு தாண்டிக் கேட்டது, ஒருவரும் வந்து தடுக்கவில்லை. மூன்றாம் நாள் சத்துணவுக்கூடத்தில் அடுப்பு பற்ற வைத்தாள்.

கேசட்டில் ஆள் வந்ததை ஏற்றுக்கொண்ட ஊருக்கு இது கொஞ்சம் சிரமமாக இருந்தது. தாலி இல்லாமல் பூ வைத்திருக்கிறவளை என்னவென்று சொல்வது? அறுத்தவள் என்று சொல்ல முடியாது, அவன் உயிரோடு இருப்பதை ஊரே பார்த்தது. வாழாவெட்டி என்று ஒருத்தி சொல்லிப் பார்த்தாள், அவள் மாமியாரே, "யாரு வெட்டி? நாப்பது வருஷ உழைப்பைப் பதினாலு வருஷத்துல உழைச்சவ அவ," என்று அதட்டினாள். பேர் தெரியாததைப் பற்றி எவ்வளவு நாள் பேச முடியும்? மாசியில் போஸ்ட் மாஸ்டர் வீட்டு வளைகாப்பில், தட்டு எடுக்க ஆள் குறைந்தபோது யாரோ ஒருத்தி பழக்கத்தில் ராஜகனி கையில் ஒன்றைத் திணித்துவிட்டாள். அவள் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் வந்தவர்கள் ஒரு நிமிஷம் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, கூடவே நடந்தார்கள். அதற்கப்புறம் ஊரில் எந்தத் தட்டும் அவளைத் தாண்டிப் போகவில்லை.

இதற்கிடையில், லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பிய ஒருவர் சந்தனமாரி கல்யாணக் கேசட்டின் ஒரு பிரதியை, தங்கபுஷ்பம் பேரும் ஸ்டுடியோ போன் நம்பரும் ஒட்டிய உறையோடு வாங்கிப் போனார். அங்கே அது அறை அறையாக, கேம்ப் கேம்ப்பாகச் சுற்றியது. கருமேனிப்பேட்டைக்காரர்கள் மட்டுமல்ல, மலையாளிகளும் வங்காளிகளும்கூட அந்தப் பந்தல் காலைப் பார்த்துவிட்டு, இந்த ஆளை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று சொல்லி அடுத்த அறைக்குக் கொடுத்தார்கள்.

பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை, பதினொன்றரை மணிக்கு, ஸ்டுடியோவில் போன் அடித்தது. தங்கபுஷ்பம் ஒரு காதுகுத்துக் கேசட்டைப் பதிந்துகொண்டிருந்தாள். எடுத்தாள். அந்தப் பக்கம் வெகுநேரம் இரைச்சல் மட்டும் இருந்தது.

"நான்... லிங்கதுரை பேசுதேன். எதிர்வீட்டுப் புஷ்பமா?"

"லைன்லயே இரிங்க அண்ணாச்சி. வச்சிராதிய!" என்று கத்திவிட்டு, ரிசீவரை மேஜையில் போட்டு, பதிவை அப்படியே விட்டுவிட்டு, தங்கபுஷ்பம் செருப்பில்லாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

ராஜகனி கையைக்கூடத் துடைக்காமல் வந்தாள். ஆனால் வந்தவள் உடனே போனை எடுக்கவில்லை. மேஜையில் கிடந்த ரிசீவரைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்துக் காதில் வைத்தாள்.

"பதினோரு வருஷம்," என்றாள். "ஒரு வரி. இருக்கேன்னு ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வரலையா?"

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. போனில் சத்தம் எப்போதுமே அதிகம் என்பதால் தங்கபுஷ்பத்துக்கும் எல்லாம் கேட்டது. முதல் வருஷம் வெட்கம், அடுத்த வருஷம் பயம், அதற்கப்புறம் எழுதினால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று அவர் சொன்னார். சொன்னதையே திருப்பிச் சொன்னார். ராஜகனி ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அவளுடைய கை விரல்களிலிருந்து பருப்புத் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி. அழுதது போதும்," என்றாள் கடைசியில். "அந்தப் பிள்ளை பக்கத்துல இருக்கா?"

இரைச்சல்.

"அவகிட்ட போனைக் குடுங்க."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு, மூச்சை வேகமாக இழுத்து விடுகிற ஒரு சின்னக் குரல், அப்பா சொல்லிக் கொடுத்த தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தது.

"பெரியம்மா. அக்கா கல்யாணத்துல எல்லார்க்கும் அப்பளம் வச்சாங்க. எனக்கு மட்டும் வைக்கவே இல்ல."

ராஜகனி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். அவள் முகம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்தது.

"எவன் வைக்காம போனான்?" என்றாள், குரலை உயர்த்தி. "எந்த வரிசையில இருந்தே நீ?"

"கடைசியில. அப்பாதான் ஓரமா போலாம்னு சொன்னாங்க."

"உங்க அப்பா எப்பவும் அப்படித்தான். ஓரமா போயி உக்காந்தா அப்பளம் எப்படி வரும்? இந்தா, கேளு. அடுத்தவாட்டி கேசட்ல கீசட்ல வராதே. பிளேன்ல வா. வந்து முதல் வரிசையில உக்காரு. ஒரு கூடை அப்பளம் நான் பொரிச்சு வைக்கேன். உங்க அம்மாவும் வரட்டும். அவளுக்கும் வைக்கேன்."

"சரி," என்றது அந்தக் குரல்.

ராஜகனி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். "பேரைக் கேக்க விட்டுப்போச்சு பாரு எனக்கு," என்றாள். கையை எடுத்தாள்.

"ஏட்டி, உன் பேரு என்ன?"

"நூரா."

"நூரா," என்றாள் ராஜகனி. பிறகு, அடுத்த தெருவில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, இன்னும் சத்தமாக, "நூரா!" என்றாள்.